காருக்குப் புது செற் போட்ட கதை

2022 ஆம் ஆண்டு பெற்றோல் கிடைக்காத அந்த மாதங்களில் எங்கள் கார் ஆறு கிழமைக்கு மேல் முற்றத்து மாமரத்துக்குக் கீழே அசையாமல் நின்றது. நான் கொக்குவிலில் இருந்து யாழ்ப்பாண ரவுணுக்குச் சைக்கிளில் போய் வந்தேன். யூலை மாதம் கியூ.ஆர். குறியைக் காட்டிப் பெற்றோல் அடிக்கும் முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், இலக்கத்தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் என்று ஓர் ஒழுங்கு பிறந்தது. ஒரு விடியற்காலை தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுத் திறப்பை அமத்தினேன். கதவு திறக்கவில்லை. லைற் இல்லை, சத்தம் இல்லை.

என்னுடையது ஜப்பானில் ஓடி வந்த 2013 ஆம் ஆண்டு ஹைபிரிட் கார். இந்த வண்டிகளில் இரண்டு பற்றரி. ஓடுவதற்குப் பெரியது ஒன்று. லைற், கதவு, றேடியோ, வண்டியின் மூளை எல்லாவற்றையும் எழுப்புவதற்குப் பின்னால் டிக்கிக்குள் ஒரு சின்ன 12 வோல்ற் பற்றரி. சாதாரணக் காரில் பற்றரி களைத்தால் ஸ்ராட் பண்ணும்போது முக்கி முனகும், நமக்குத் தெரிந்துவிடும். ஹைபிரிட்டில் இந்தச் சின்னப் பற்றரி இயந்திரத்தைச் சுற்றுவதில்லை. அதனால் எந்த முனகலும் இல்லாமல் ஒருநாள் செத்துக் கிடக்கும்.

வயறிங்காரத் தம்பி வந்து புதுப் பற்றரி பூட்டினார். வண்டி எழும்பியது. டாஷ்போட்டில் றேடியோவும் வரைபடமும் ஓடும் திரையான செற்றும் எழும்பியது, ஆனால் வழமையான படம் வரவில்லை. ஜப்பானிய எழுத்தில் நாலு வரி, கீழே நீளமான ஓர் எண், அதற்குக் கீழே கடவுச்சொல் கேட்டு ஒரு வெறும் பெட்டி. எதை அமத்தினாலும் திரும்பத் திரும்ப அதே பெட்டி.

"என்ன தம்பி செய்தனீர்?" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை. பற்றரி அடியோட செத்தபோதே அது பூட்டுப்பட்டிட்டுது. இந்தச் செற் எல்லாம் இப்பிடித்தான்."

அவர் சொன்னது சரி. கார்ச் செற்றுக்கு இரண்டு வழியில் மின்சாரம் போகிறது. திறப்பைத் திருப்பினால் மட்டும் வருவது ஒன்று, எந்த நேரமும் இருப்பது இன்னொன்று. எந்த நேரமும் இருக்கும் வழி அறுந்தால் சில செற்றுகள் "என்னைக் களவெடுத்துக் கழற்றிவிட்டார்கள்" என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும். கள்ளனுக்கு வைத்த பொறி. ஆனால் அதன் கடவுச்சொல் ஜப்பானில் முதல் உரிமையாளரின் மேசை லாச்சிக்குள் கிடக்கும், ஏழு கடல் தாண்டி வந்த எனக்கு அது எங்கே கிடைக்கப் போகிறது? பற்றரி இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கும்போதே மாற்றுகிறீர்கள் என்றால் வேறொரு 12 வோல்ற் பற்றரியை அதே வயர்களுக்குச் சமாந்தரமாகக் கொழுவி வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றச் சொல்லுங்கள். மின்சாரம் ஒரு கணமும் அறாது, செற் எதையும் அறியாது. எனக்கு அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. தம்பியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

அந்த எண்ணைக் கொடுத்தால் காசு வாங்கிக்கொண்டு கடவுச்சொல் எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போகவில்லை. செற் ஏற்கெனவே வயது போய்க் கிடந்தது. தொடுதிரையில் வலது பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு உணர்ச்சி இல்லை. ஒலியைக் கூட்டும் குமிழைத் திருப்பினால் கூடும், குறையும், திடீரென்று அலறும். வரைபடத்தில் ஜப்பானின் வீதிகளைத் தவிர வேறொன்றும் கிடையாது.

இதையெல்லாம் விட வானொலிதான் பெரிய தொல்லை. ஜப்பானில் எஃப்.எம். 76 முதல் 90 மெகா ஹேர்ட்ஸ் வரைதான் இருந்தது. 90 முதல் 108 வரையான இடத்தை அங்கே பழைய தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் பிடித்திருந்தன. நம் வானொலிகளோ 88 க்கும் 108 க்கும் இடையில். அதனால் ஜப்பான் கார் எடுத்த பலரும் அன்ரனா வயருக்கும் செற்றுக்கும் இடையில் தீப்பெட்டியளவு ஒரு பெட்டியைக் கொழுவுவார்கள். அது வரும் அலையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். என்னிடம் இருந்தது 18 மெகா ஹேர்ட்ஸ் இறக்குவது. 104 இல் வரும் வானொலி 86 இல் கேட்கும். 94 க்குக் கீழே உள்ளவை ஒன்றும் வராது. கேட்பவற்றிலும் ஓர் இரைச்சல் எப்போதும் பின்னணியில் ஓடும்.

அம்மாவுக்கு அது போதுமாய் இருந்தது. பின் சீற்றில் ஏறினால் அவவுக்கு வேண்டியது மரண அறிவித்தல். எந்த ஊரில் யார், யாருடைய மாமன், எப்போது எடுக்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு வருவா. செற் பூட்டுப்பட்ட பிறகு கார் ஊமையாகிவிட்டது.

ஊமை என்றால் முழு ஊமை இல்லை. திறப்பைத் திருப்பியவுடன் ஒரு ஜப்பானியப் பெண் குரல் மட்டும் மரியாதையாக ஒரு வசனம் சொல்லி ஓயும். ஜப்பானிலிருந்து கார் எடுத்தவர்களுக்கு இந்தக் குரலைத் தெரியும். அங்கத்தைய அதிவேக வீதிகளில் தானாகச் சுங்கம் கட்டும் பெட்டி அது. "காட் போடப்படவில்லை" என்று சொல்கிறதாம். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முறையும். அம்மா அதை "அந்தப் பிள்ளை" என்பா.

புது செற் போடுவோம் என்று முடிவெடுத்தபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தா. "எனக்கு உந்தப் பெரிய ரீவி ஒண்டும் வேண்டாம் மோனை. றேடியோ கேட்டாக் காணும்."

கடைக்குப் போனால் எல்லாமே பெரிய ரீவி. 7 அங்குலம், 9 அங்குலம், 10 அங்குலம். விற்கிற பெடியன் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனான்: எட்டு ஜி.பி., நூற்றிருபத்தெட்டு ஜி.பி., நாலு ஐம்பது வோற்ஸ். நான் செற்றைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். பியூஸ் 10 அம்பியர். வண்டி ஓடும்போது 14.4 வோல்ற் என்று தாராளமாக வைத்தாலும் 10 ஆல் பெருக்கினால் 144 வோற்ஸ்தான் உள்ளே போக முடியும். நாலு ஸ்பீக்கருக்கும் ஐம்பது ஐம்பது என்று 200 எங்கிருந்து வெளியே வரும்? பெடியன் சிரித்தான். பெட்டியில் எழுதியிருப்பது ஒரு கண உச்சம். தொடர்ந்து கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்கு இருபது வோற்ஸ் அளவில் இருந்தாலே நல்ல செற். பியூஸ் பொய் சொல்லாது, அதனால் எப்போதும் பின்பக்கத்தையும் பாருங்கள்.

அளவு விடயத்தில் என் அத்தான் பட்டதைப் பார்த்திருந்தேன். உலகப் பொது அளவில் இரட்டை உயரச் செற்றின் முகம் சுமார் 180 க்கு 100 மில்லிமீற்றர். ஆனால் சில ஜப்பான் கார்களின் வாய் 200 மில்லிமீற்றர் அகலம். அவர் 7 அங்குலச் செற் ஒன்றை வாங்கிவந்து பூட்டினால் இரண்டு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி. அதற்கென்று பக்கத்துண்டுகள் விற்கின்றன. அவரோ கறுத்தக் காட்போட் வெட்டிச் செருகினார். வெயிலுக்கு அது சுருண்டு, இப்போது உள்ளே பல்லி குடியிருக்கிறது.

நான் 9 அங்குல அன்ட்ரொய்ட் செற் எடுத்தேன், அதுவும் என் வண்டியின் மொடலுக்கென்றே வார்த்த பிறேம் கையில் கிடைத்த பிறகுதான். பத்து அங்குலம் ஆபத்துக்கால லைற் சுவிச்சை மறைத்தது, ஏசிக் காற்றையும் தடுத்தது. நினைவகக் கணக்கை நம்பாமல் கடையிலேயே வரைபடத்தைத் திறந்து, புளூரூத்தில் ஒரு பாட்டை ஓடவிட்டு, அந்த நேரத்தில் யாரையாவது என் போனுக்கு எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். முதல் செற் அந்த இடத்திலேயே விறைத்து நின்றது. இரண்டாவது திணறாமல் செய்தது. ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

அன்றைக்கே பூட்டியிருக்கலாம். செற் பூட்டுகிறவர் கத்தரிக்கோலோடு தயார். "வயரை வெட்டிச் சேத்தாச் சரி அண்ணை, அரை மணித்தியால வேலை." நான் மறுத்தேன். வண்டியின் வயரை ஒருமுறை வெட்டிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க முறுக்கும் ரேப்பும்தான். வெயிலில் ரேப்பின் பசை உருகி, ஒருநாள் ஒரு வயர் இன்னொன்றில் முட்டும். வண்டியின் சொக்கெற்றில் நேரே செருகி, மறுபக்கம் புது செற்றுக்குப் போகும் இடைவயர்த் தொகுதி வேண்டும் என்றேன். அது யாழ்ப்பாணத்தில் அப்போது கையில் இல்லை.

அடுத்த கிழமை வேறு அலுவலாகக் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனபோது பஞ்சிகாவத்தையில் இறங்கினேன். காருக்கு என்ன வேண்டுமென்றாலும் அந்தத் தெருக்களில் இருக்கும், தேடப் பொறுமைதான் வேண்டும். என் பழைய செற்றின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதுதான் நான் செய்த உருப்படியான வேலை. என் அரைகுறைச் சிங்களத்தால் விளக்கியிருக்கவே முடியாது. கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பத்து ஊசி, ஆறு ஊசிச் சொக்கெற்றுகளோடு ஒரு தொகுதியை எடுத்துப் போட்டார். றிவேர்ஸ் கமெராவுக்கென்று இன்னொரு துண்டு வயரும் தந்தார். அதன் நடுவில் கட்டைவிரல் பருமனில் ஒரு குண்டு. வண்டியோடு வந்த கமெராவுக்கு 6 வோல்ற்தான், அந்தக் குண்டு 12 ஐ 6 ஆக இறக்கும் என்று விரல்களைக் காட்டிச் சொன்னார்.

இதை எழுதுவதே அந்தக் குண்டுக்காகத்தான் என்றாலும் தகும். பூட்டுகிற அன்று நம்மாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு, றிவேர்ஸ் லைற்றில இருந்து நேர எடுப்பம்" என்று வெட்டப் போனார். கையைப் பிடித்தேன். கடைகளில் தனியாக விற்கும் கமெராக்கள் 12 வோல்ற், அவர் பழகியது அதில். என் கமெராவுக்கு அதைக் கொடுத்திருந்தால் புகை வந்திருக்கும், பின்பக்கக் கதவு உறையைக் கழற்றிப் புதுக் கமெரா பூட்டியிருக்க வேண்டும்.

பூட்டுகிறவர் கெட்டிக்காரர் அல்ல என்று சொல்லவில்லை. டாஷ்போட்டைக் கழற்றிய விதத்தில் கை தெரிந்தது. இரும்பு ஸ்குரூ டிரைவர் போடாமல் பிளாஸ்ரிக் நெம்புகோலால் ஏசி வாயிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கிளிப்பாக எடுத்தார், ஒரு கீறல் இல்லை. மஞ்சள் உறை போட்ட வயர்களுக்குக் கிட்டவும் போகவில்லை. அவை எயார்பாக் வயர்கள், தொடக்கூடாது. பலகைகள் கழன்றிருக்கும்போது திறப்பைத் திருப்பவும் கூடாது, தேவையில்லாமல் எயார்பாக் எச்சரிக்கை லைற் பற்றிக்கொள்ளும். ஸ்ரியரிங்கில் இருக்கும் பொத்தான்களைப் புது செற்றுக்குப் பழக்கியதும் அவர்தான். அந்தப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு மின்தடையைத்தான் அனுப்புகின்றன. செற்றில் "கூட்டு" என்பதைத் தொட்டுவிட்டு ஸ்ரியரிங்கில் அதே பொத்தானை அமத்திப் பிடித்தால் அது மனப்பாடம் செய்துகொள்ளும்.

மைக் விடயத்தில் இரண்டு பேருமே கோட்டைவிட்டோம். செற்றின் முகத்திலேயே ஒரு சின்ன மைக் இருந்தது, போதும் என்று விட்டோம். அது ஏசி வாய்க்கு நேர் கீழே. கனடாவில் இருக்கும் தங்கச்சி முதல் அழைப்பிலேயே கேட்டாள், "அண்ணா, புயலுக்குள்ள நிண்டு கதைக்கிறியளோ?" பெட்டிக்குள் தனி மைக் ஒன்று தந்திருந்தார்கள். அதைப் பிறகு ஸ்ரியரிங் தண்டின் மேல் ஒட்டினேன். செற்றின் அமைப்பில் வெளி மைக்கைத் தெரிவுசெய்யாவிட்டால் அது சும்மா அலங்காரம்.

அன்று பின்னேரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு நல்லூருக்கு வெளிக்கிட்டேன். திரை பளபளத்தது. அவ திரையைப் பார்க்கவே இல்லை.

"றேடியோவைப் போடு."

போட்டேன். இரைச்சல். அடுத்தது, இரைச்சல். முன்பு 18 இறக்கிக் கேட்டபோது வந்த அளவுகூட இல்லை. செற்றின் அமைப்புக்குள் போய் வானொலிப் பிரதேசம் என்ற இடத்தில் பார்த்தேன். அமெரிக்கா என்று இருந்தது. அமெரிக்க ஒழுங்கில் அது 0.2 மெகா ஹேர்ட்ஸாகத் தாவும், நம்முடைய பல வானொலிகளை மிதித்துக் கடந்துவிடும். ஆசியாவாக மாற்றினேன். கொஞ்சம் வந்தது, ஆனால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கோவில் வாசலில் இறங்கும்போது, "பழசு பரவாயில்லை என்ன?" என்று மட்டும் கேட்டா. ஐம்பதாயிரம் ரூபாய்.

காரணம் ஒரு நீல வயர். பழைய காலத்து நீளக் கம்பி அன்ரனாவுக்குப் பதில் என் வண்டியில் இருப்பது குட்டை அன்ரனா. அதன் அடியில் அலையைப் பெருக்கும் சின்னச் சாதனம் ஒன்று உண்டு, அதற்கு 12 வோல்ற் வேண்டும். பழைய செற் அதைத் தானாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. புது செற்றில் அதற்கென்று நீல வயர் தனியாக வருகிறது. இடைவயர்த் தொகுதியில் அதற்குச் சோடி வயர் இருந்தும், ஒருவரும் சேர்க்காமல் இரண்டும் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தன. மறுநாள் நானே முன்பலகையைக் கழற்றி, ஈயம் வைத்து ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கும் குழாயால் மூடினேன். இருபது நிமிட வேலை. பக்கத்தில் நீலமும் வெள்ளையும் கலந்த இன்னொரு வயர் இருக்கும், அது தனி அம்பிளிபயரை எழுப்புவதற்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய அலையிறக்கிப் பெட்டியையும் அப்போதுதான் கண்டேன். அன்ரனா வழியில் இன்னும் செருகியபடியே இருந்தது! அதையும் எடுத்து எறிந்தேன். திறப்பைத் திருப்பினால் வானொலி நெஞ்சுக்கு நேரே வந்து கதைத்தது. நீங்கள் புது செற் போட்டுவிட்டுக் கடையிலிருந்து வெளியேற முன், பாட்டைக் கேட்டு மயங்காமல் வானொலியைப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஓட்டிக் காட்டுவது எப்போதும் யூ.எஸ்.பி. பாட்டைத்தான்.

கடைசி வேலையாக மீற்றர் பிடித்தேன். ஒருமுறை பற்றரி செத்தவனுக்கு அந்தப் பயம் போகாது. அன்ட்ரொய்ட் செற் கெதியாக எழும்ப வேண்டும் என்பதற்காக, வண்டியை நிற்பாட்டிய பிறகும் அரைத்தூக்கத்தில் கிடக்கும். பற்றரியின் மறை முனையில் மீற்றரைத் தொடராகக் கொழுவி, கதவுகளை மூடி, வண்டி முழுதாக உறங்கும் வரை இருபது நிமிடம் விட்டுப் பார்த்தேன். நிற்கும் வண்டி குடித்தது 180 மில்லி அம்பியர். 50 க்குக் கீழே இருந்தால் நிம்மதி. என் சின்னப் பற்றரி 35 அம்பியர் மணி. 180 அப்படியே தொடர்ந்தால் எட்டு நாளில் வற்றிவிடும். 2022 திரும்பி வந்தால் ஆறு கிழமை எங்கே, எட்டு நாள் எங்கே.

எது குடிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். டாஷ் கமெரா குடிக்கவில்லை. முதல் சந்தேகத்தில் அந்தச் சுங்கப் பெட்டியையும் பிடுங்கினேன், மீற்றர் அசையவில்லை. அது திறப்புத் திருப்பினால்தான் விழிப்பது. செற்றின் பியூஸை இழுத்தபோது முள் விழுந்தது. அமைப்புக்குள் "நிறுத்திய பின் உறங்கும் நேரம்" என்று ஒன்று இருந்தது, மூன்று நாள் என்று போட்டு வைத்திருந்தார்கள். உடனே அணையும்படி மாற்றினேன். இப்போது 30 க்கும் 40 க்கும் இடையில் நிற்கிறது. அதற்குக் கூலி, காலையில் செற் எழும்ப அரை நிமிடம் எடுக்கிறது. றிவேர்ஸ் போட்டால் அந்த அரை நிமிடத்துக்குள்ளும் கமெரா வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். வருகிறது.

அடுத்த நாள் காலை அம்மா ஏறி இருந்தா. திறப்பைத் திருப்பினேன். செற் எழும்பியது, வானொலி வந்தது, அறிவித்தல் தொடங்கியது. கோண்டாவில் தாண்டும்வரை கேட்டுக்கொண்டு வந்தா. பிறகு, "எட, அந்தப் பிள்ளை இண்டைக்குக் கதைக்கேல்லை?" என்றா.

பிடுங்கிய சொக்கெற்றைத் திரும்பச் செருக மறந்திருந்தேன். அடுத்த சந்தியில் நிற்பாட்டி, டாஷ்போட்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவினேன்.